யளனகப-வும் தமிழ்99-உம்: விசைப்பலகை யாருக்காக?

பொத்தேரி ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வருகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. காலேஜ் பசங்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று எப்போதும் கூட்டம். ஒரு மூலையில் தமிழ் டைப்பிங் நடக்கும். பட்டா பெயர் மாற்றத்துக்கு ஒரு மனு டைப் பண்ண அங்கே போயிருந்தேன்.

டைப் பண்ணியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. நான் கையால் எழுதிக் கொண்டுபோன தாளை இடப்பக்கம் வைத்துக்கொண்டார். கண் தாளை விட்டு நகரவில்லை. விரல் மட்டும் ஓடியது. ஒரு பக்கம் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. "எந்த கீபோர்டுக்கா?"ன்னு கேட்டேன். "நமக்கு எல்லாம் யளனகப தான் தம்பி"ன்னார்.

பக்கத்தில் ஒரு மாணவர் ப்ராஜெக்டின் நன்றியுரைப் பக்கத்தில் தமிழில் நாலு வரி சேர்க்க நின்றிருந்தார். போனில் ஆங்கில எழுத்தில் அடித்து, வந்த தமிழ்ச் சொல்லைத் திருத்தி, திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். 'நன்றி' வந்துவிட்டது. 'வழிகாட்டி'யில் மட்டும் மூன்று முறை 'வலிகாட்டி' வந்தது. மூன்றாவது ஆள் நான். பதினேழு, பதினெட்டு வருஷமாக தமிழ்99-இல் எழுதுகிறவன். அந்தக் கடையில் அதை அறிந்த ஒரே ஆளும் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. மூன்று பேருக்கும் எழுத வேண்டியது ஒரே தமிழ், கைக்குக் கீழே இருந்ததும் ஏறத்தாழ ஒரே பலகை. ஆனால் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வடிவமைப்பாளர்களின் கற்பனைக்குள் வாழ்கிறோம். இதில் எது 'பயனரை மையமாக வைத்த' வடிவமைப்பு? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில், அந்தச் சொல்

'பயனர் மைய வடிவமைப்பு' என்கிற தொடரைப் பரவலாக்கியவர் டொனால்ட் நார்மன். 1986-இல் அவரும் ஸ்டீபன் டிரேப்பரும் அந்தத் தொடரையே தலைப்பாக வைத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் நார்மன் வேலை பார்த்த சான் டியாகோ வளாகத்தின் சுருக்கப்பெயரே வரும். அது வேண்டுமென்றே செய்த குறும்பு. 1988-இல் வந்த அவருடைய அடுத்த புத்தகம்தான் கதவு, அடுப்பு, ஸ்விட்ச் என்று அன்றாடப் பொருட்களை வைத்து, தப்பு மனுஷன் மேல் இல்லை, பொருளின் வடிவமைப்பு மேல் என்று எல்லாருக்கும் புரியவைத்தது.

1999-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பயனர் மைய வடிவமைப்புக்கு சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ 13407, அந்த வருஷம்தான் வந்தது. 'பெர்ஸோனா' என்கிற கருத்தை ஆலன் கூப்பர் புத்தகமாக எழுதியதும் அதே வருஷம். 'பயனர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், அந்த ஆளை நம் வசதிக்கு எலாஸ்டிக் மாதிரி இழுத்துக்கொள்வோம். அதனால் பெயர், வயசு, வேலை, ஆசை எல்லாம் உள்ள ஒரு ஆளை மனசில் வைத்து வடிவமைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம்99 மாநாடு நடந்தது. அதன் விளைவாக அந்த வருஷம் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகைதான் தமிழ்99.

இவை ஒன்றை ஒன்று பார்த்துச் செய்யப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூப்பர் கேட்ட கேள்வியை தமிழ்99-இடம் கேட்டுப் பார்க்கலாம். உன் மனசில் இருந்த ஆள் யார்?

யளனகப: உள்ளே இருந்த இன்னொரு பாகம்

அதற்கு முன்னால் அக்காவின் பலகை. தமிழ்த் தட்டச்சுக்கு முன்னோடி என்று நாம் கொண்டாடுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா. பிழைப்புக்காக சிங்கப்பூர், மலாயாப் பக்கம் போனவர். அவர் முன்னால் இருந்த சிக்கல் எளிது, ஆனால் கடினம்: தமிழில் 247 எழுத்து, இயந்திரத்தில் நாற்பத்துச் சொச்சம் விசை. ஷிஃப்ட்டைச் சேர்த்தாலும் தொண்ணூற்றுச் சொச்சம் உருவங்கள்தான் வைக்கலாம்.

அதற்கு விடையாக வந்ததுதான் 'நகரா விசை'. அதைத் தட்டினால் புள்ளி தாளில் விழும், ஆனால் வண்டி நகராது. அதே இடத்தில் அடுத்த எழுத்து வந்து உட்காரும். அதாவது 'க்' அடிக்க முதலில் புள்ளி, அப்புறம் 'க'. நாம் எழுதுகிற வரிசைக்கும் சொல்லுகிற வரிசைக்கும் நேர்த்தலைகீழ். 'கொ' அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால்.

நார்மன் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். மனசில் இருக்கிற வரிசை வேறு, கை செய்கிற வரிசை வேறு. பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த கெட்ட உதாரணம். ஆனாலும் அந்த அக்கா ஐந்து நிமிஷத்தில் ஒரு பக்கம் முடித்தாரே, எப்படி?

பதில் அந்தப் பலகையில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மாடியில், தகர போர்டு மாட்டிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு லீவில் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். நானும் போனேன், ஆனால் இங்கிலீஷ் லோயர் மட்டும். தமிழ் மெஷின் வரிசையில் உட்கார்ந்தவர்கள் 'யளனகப' என்று தாள் தாளாக அடித்துக்கொண்டே இருப்பார்கள். இடது கையின் நடுவரிசை எழுத்துகள் அவை. அப்புறம் அரசுத் தேர்வு, ஜூனியர், சீனியர். அதற்கப்புறம் அரசு வேலைக்கு ஒரு தகுதி. வாழ்க்கையே மாறும்.

தட்டச்சு இயந்திரம் பயனரை மையமாக வைக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி இருந்த ஏற்பாடு ஒரு பயனரை *உருவாக்கியது*. பயிற்சி நிலையம், தேர்வு, சான்றிதழ், வேலை எல்லாமே அந்த இடைமுகத்தின் பாகங்கள். வரைபடத்தில் இல்லாத பாகங்கள், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்ப வருவேன்.

இன்ஸ்கிரிப்ட்: தவறான ஆளை மையத்தில் வைத்த கதை

கணினி வந்த பிறகு, 1980-களில் மத்திய அரசின் மின்னணுத் துறை எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே பலகை என்று இன்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தது. இந்தியில் 'க' இருக்கிற விசையில்தான் தமிழிலும் தெலுங்கிலும் 'க' இருக்கும். ஒரு மொழியில் கற்றால் எல்லாவற்றிலும் அடிக்கலாம். காகிதத்தில் பார்த்தால் அழகான சிந்தனை. ஒரு பொறியாளனாக எனக்கே முதலில் பிடித்திருந்தது.

தமிழனாக உட்கார்ந்து அடித்துப் பாருங்கள். 'ன' ஷிஃப்ட்டில் இருக்கிறது. 'ண', 'ள', 'ழ', 'ற' எல்லாம் ஷிஃப்ட்டில். அவன், இவன், வந்தான், போனான், என்ன, நான்... 'ன' இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா நம்மால்? தேவநாகரியில் அதற்கு இணையான எழுத்து அபூர்வம். அதனால் மூலைக்குப் போனது. எகர, ஒகரக் குறில்களுக்கும் அதே கதி. 'ெ' கீழ்வரிசை ஓரத்தில், 'ொ' எண் வரிசையின் இடது மூலையில். இந்தியில் எ-ஏ, ஒ-ஓ என்கிற குறில் நெடில் வேறுபாடு இல்லை. நமக்கு 'கொடு' வேறு, 'கோடு' வேறு.

இன்னொரு பக்கம், இந்தியின் அதிரும் க, த, ப ஒலிகளுக்கு ஒதுக்கிய நல்ல விசைகளுக்குத் தமிழில் வேலையே இல்லை. வீட்டின் நல்ல அறைகள் பூட்டிக் கிடக்க, தினம் சமைக்கிற ஆளைத் திண்ணையில் உட்காரவைத்த மாதிரி.

பத்து மொழி எழுதுகிற ஒரு பயனரை இன்ஸ்கிரிப்ட் கற்பனை செய்தது. அப்படி ஒருவரை நான் இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

தமிழ்99: எழுத்தின் உடம்பைப் படித்தவர்கள்

இந்தப் பின்னணியில்தான் தமிழ்99-இன் அருமை தெரியும். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம். மொத்தம் 31 விசை. இவற்றுக்கு ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம். கிரந்த எழுத்துக்கு மட்டும்தான் ஷிஃப்ட். உயிர் எழுத்தெல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். தமிழ்ச் சொல்லே மெய், உயிர், மெய், உயிர் என்றுதான் போகும் என்பதால் கைகள் மாறி மாறி வேலை செய்யும். நடுவரிசையில் அ, இ, உ. ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே அதன் நெடில் ஆ, ஈ, ஊ. வலது நடுவரிசையில் க, ப, ம, த, ந. இதைப் போட்டவர்கள் எழுத்துகளின் புழக்கத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது விரலுக்கே தெரிகிறது.

ஆனால் உண்மையான கண்டுபிடிப்பு இடவமைப்பு இல்லை. தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வந்துவிடும்: க, க என்றால் க்க. அதே மாதிரி ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் புள்ளி தானாக விழும். இரட்டிக்கும் மெய்யும், இனமெல்லினம் வல்லினத்தோடு சேர்வதும் தமிழ் எழுத்தில் வரிக்கு வரி வருகிற விஷயம். நம் இலக்கணம் மெய்ம்மயக்கம் என்று பேசுகிற சமாச்சாரம்தான், மென்பொருள் விதியாக வந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'பொத்தேரி' தமிழ்99-இல் ப, ஒ, த, த, ஏ, ர, இ. ஏழு தட்டு. இன்ஸ்கிரிப்ட்டில் புள்ளியையும் சேர்த்து எட்டு. ஒலிபெயர்ப்பு முறையில் பி, ஓ, டி, எச், டி, எச், பெரிய ஈ, ஆர், ஐ என்று ஒன்பது, கூட ஒரு ஷிஃப்ட். 'தங்கம்' தமிழ்99-இல் ஐந்து, இன்ஸ்கிரிப்ட்டில் ஆறும் ஒரு ஷிஃப்ட்டும். ஒரு சொல்லில் ஒன்றிரண்டு தட்டு மிச்சமாவது பெரிசில்லை. தினம் பத்துப் பக்கம் அடிக்கிறவரின் மணிக்கட்டைக் கேட்டால் அது பெரிசுதான்.

தட்டச்சு இயந்திரத்தின் தலைகீழ் வரிசையும் இதில் ஒழிந்தது. வாயில் வருகிற வரிசைதான் கையில். நார்மன் சொன்ன அந்த இடைவெளி இங்கே இல்லை. தமிழிலிருந்தே பிறந்த மென்பொருள் வடிவமைப்புகளில் சிறந்ததைச் சொல் என்றால், எந்த யோசனையும் இல்லாமல் தானாக விழும் அந்தப் புள்ளியைச் சொல்வேன்.

நதி எழுதிப் பாருங்கள்

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையும் சொல்ல வேண்டும். தமிழ்99-இல் 'நதி' என்று அடிக்கப் போங்கள். ந, த, இ. திரையில் வருவது 'ந்தி'. 'பப்பாளி' அடித்தால் ப்-இல் ஆரம்பிக்கும். 'மமதை' அடித்தால் 'ம்மதை'. இதற்கு விதி சொல்லும் தீர்வு, நடுவில் 'அ'வைத் தட்டு என்பது. ந, அ, த, இ.

தெரிந்தவருக்கு ஒன்றுமில்லை. புதிதாக உட்கார்ந்தவரை யோசியுங்கள். நான் கேட்காத ஒரு புள்ளி, நான் ஏற்கெனவே அடித்து முடித்த எழுத்தின் தலையில் வந்து உட்காருகிறது. கணினி பழுதா, நான் தப்பா? அந்த நொடியில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இதற்கான விடையும் இலக்கணத்திலேயே இருந்தது. தமிழில் சொல் மெய்யெழுத்தில் ஆரம்பிக்காது. அப்படியானால் சொல்லின் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழவே கூடாது என்று ஒரே ஒரு விதி சேர்த்திருந்தால் போதும். நதி, பப்பாளி, மமதை, தத்தை எல்லாம் சரியாகிவிடும். 'ப்ளீஸ்' மாதிரிச் சொற்கள் பாதிக்கப்படாது, ஏனென்றால் அங்கே புள்ளியை நாம்தான் கேட்டு வைக்கிறோம். எனக்காக எழுதிக்கொண்ட சின்ன நிரலில் இந்த விதியைச் சேர்த்து வருஷக்கணக்காக ஓட்டுகிறேன். சொல்லின் நடுவில் வரும் 'சமபங்கு' மாதிரிச் சிலவற்றில் மட்டும் இன்னும் தடுக்கும். சம பங்கு கேட்டால் சம்பங்கிப் பூ கொடுக்கப் பார்க்கும். அதற்கு 'அ' தட்டத்தான் வேண்டும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இதுதான் எனக்கு முக்கியமான தடயம். வேகமாக அடிக்கிற கையை வடிவமைப்பாளர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். முதல் முறை உட்காருகிறவரின் முகத்தை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. கூப்பரின் கேள்விக்கு இதுதான் பதில். தமிழ்99-இன் மனசில் இருந்த ஆள், தமிழ்99-ஐ ஏற்கெனவே கற்று முடித்தவர்.

அஞ்சல்: முதல் பத்து நிமிஷம்

எதிர்ப்பக்கத்தில் ஒலிபெயர்ப்பு. இதில் நான் மதிக்கிற வடிவமைப்பாளர் மலேசியாவின் முத்து நெடுமாறன். 1985-இலிருந்து முரசு, அப்புறம் முரசு அஞ்சல், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினம் என்று வந்தவர். ஆங்கில எழுத்தை அப்படியே தமிழுக்கு மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற வேலை இல்லை அவருடையது. சொல்லின் முதலில் 'என்' தட்டினால் 'ந' வரும், நடுவில் 'ன' வரும், 'த'வுக்கு முன்னால் 'ந்' ஆகிவிடும். அதாவது பயனருக்கு விதி தெரிய வேண்டியதில்லை, மென்பொருளுக்குத் தெரிந்தால் போதும். சொல்லின் முதல் எழுத்து என்பதை ஒரு தனி இடமாக அஞ்சல் பார்த்தது. தமிழ்99 அதைப் பார்க்காமல் விட்டது.

இன்னொன்று, அவர் தன் முறையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. செல்லினத்தில் அஞ்சலும் உண்டு, தமிழ்99-உம் உண்டு. ஆப்பிள் கணினிகளிலும் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வருகிற ஆளுக்குத் தக்க கதவு. இதுதான் பயனரை மதிக்கிற வடிவமைப்பு என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒலிபெயர்ப்புக்கு ஒரு விலை உண்டு. அது எழுதுகிறவரின் தலைக்குள் பிடிபடுகிறது. ஸ்டேஷன் போர்டில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஒலிபெயர்ப்பில் அடித்தால் 'பொதெரி' வரும். ஆங்கிலத்தில் ஒற்றும் நெடிலும் காணாமல் போய்விட்டன. ல சின்ன எல், ள பெரிய எல். ர சின்ன ஆர், ற பெரிய ஆர். ன சின்ன என், ண பெரிய என். ஷிஃப்ட்டைச் சேர்த்துத் தட்டுவதுதான் 'ள' என்று ஒரு தலைமுறை கற்றுக்கொள்கிறது. பரிந்துரைப் பட்டியல் எது மேலே காட்டுகிறதோ அதுதான் சரியான எழுத்து என்றும் நம்புகிறது.

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அம்மாவுக்கு அனுப்புகிற மெசேஜ் எல்லாம் ஆங்கில எழுத்துத் தமிழ். "தமிழ்லயே அடிக்கலாமே கண்ணு"ன்னு சொன்னேன். "அடிச்சா தப்புத் தப்பா வருதுப்பா, திருத்த டைம் இல்ல"ன்னாள். அவளுக்குத் தமிழ் தெரியும், பரீட்சையில் நல்ல மார்க். ஆனால் தன் மொழியை இன்னொரு மொழியின் சல்லடையில் ஊற்றி, கீழே வருவதைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு அலுத்துவிட்டது. கடையில் அந்த மாணவர் 'வலிகாட்டி'யோடு போராடியதும் இதேதான்.

நான் செய்த தப்பு

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. பல வருஷம் முன்னால் ஒரு அலுவலகத்துக்குத் தமிழில் மனுக்களைப் பதிவு செய்கிற மென்பொருள் எழுதினோம். தமிழ்99-இன் மேல் இருந்த பக்தியில் அதை மட்டும்தான் வைத்தேன். அரசு ஏற்ற முறை, தட்டு குறைவு, ஒரு மணி நேரப் பயிற்சி போதும் என்று கூட்டத்தில் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஆறு பேரில் நாலு பேர் வேறொரு ஜன்னலில் பழைய தட்டச்சு முறையில் அடித்து, எழுத்துருவை மாற்றி, என் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனுவின் சாரத்தை இரண்டே வரியில் சுருக்கி முடித்துக்கொண்டிருந்தார். யாரும் புகார் சொல்லவில்லை. நான் மேஜைக்கு மேஜை போய்க் கேட்டதற்கும் "நல்லா இருக்கு சார்"தான்.

அந்த இரண்டு வரிச் சுருக்கம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. யாரோ ஒரு பாட்டி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்த குறை, என் விசைப்பலகைக் கொள்கையால் இரண்டு வரியாகிப் பதிவானது.

ஆறாவது ஆள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். தட்டச்சு நிலையம் பக்கமே போகாதவர். அவர் மட்டும் தமிழ்99-இல் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தார். மறக்க வேண்டியது அவருக்கு எதுவும் இல்லை. அடுத்த பதிப்பில் மூன்று முறைகளையும் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் கடைசி வரை தமிழ்99-ஐ விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அளவுகோலிலேயே ஒரு கோணல்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பயனர் மைய வடிவமைப்பு இன்று கம்பெனிகளில் எப்படி நடக்கிறது? ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். நியாயமான யோசனைதான். ஆனால் அந்த ஐந்து பேரும் நம் முன்னால் உட்காருவது ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஒலிபெயர்ப்பு ஜெயிக்கும். தமிழ்99 தோற்கும். சந்தேகமே இல்லை. பத்து வருஷம் உட்காரவைத்துச் சோதித்தால் முடிவு வேறு. ஆனால் யாரும் பத்து வருஷச் சோதனை நடத்துவதில்லை. ஆக, அளவுகோலே முதல் பத்து நிமிஷத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இதை நார்மனே கவனித்தார். 2005-இல், மனிதரை மையமாக வைக்கும் வடிவமைப்பு தீங்காகவும் ஆகலாம் என்று ஒரு கட்டுரை எழுதி, தன் சீடர்களையே அதிரவைத்தார். வயலின், கார் மாதிரியானவை எந்தப் பயனரையும் பேட்டி எடுத்து வந்தவை இல்லை. செய்கிற காரியத்தை மையமாக வைத்து வளர்ந்தவை. மனிதர்கள் அவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையில் தமிழ்99 ஒரு வயலின். மெய், உயிர், ஒற்று என்று தமிழ் எழுத்து நடக்கிற நடையை மையமாக வைத்தது.

ஆனால் வயலினை வாங்கி வீட்டில் வைத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். வாத்தியார் வேண்டும், தினசரி சாதகம் வேண்டும், கச்சேரி மேடை வேண்டும். தமிழ்99-க்கு எங்கே அந்த வாத்தியார்? 'யளனகப'வுக்கு ஊருக்கு ஊர் மாடியில் நிலையம் இருந்தது. தேர்வு இருந்தது. தேறினால் ஒரு வேலை இருந்தது. மோசமான இடைமுகத்துக்கு மிகச் சிறந்த பள்ளிக்கூடம் வாய்த்தது. மிகச் சிறந்த இடைமுகத்துக்குப் பள்ளிக்கூடமே வாய்க்கவில்லை. ஒலிபெயர்ப்புக்கு அது தேவைப்படவில்லை, ஆங்கிலக் கல்வி மொத்தமும் அதற்குப் பள்ளிக்கூடமாக ஓசியில் கிடைத்தது.

பயனர் எங்கோ தயாராக நிற்கிறார், நாம் போய்ப் பேட்டி எடுத்து வந்தால் போதும் என்று நினைப்பதுதான் தப்பு. பயனரும் வடிவமைக்கப்படுகிறவர்தான். அந்த வேலையை யார் செய்வது என்று வரைபடத்தில் எழுதாவிட்டால், யாராவது வேறொருவர் செய்துவிடுவார்.

'இனிமேல் விசைப்பலகை எதற்கு?'

இதைப் படித்துவிட்டு நண்பர்கள் கேட்கப்போவது தெரியும். இப்போது குரலில் சொன்னாலே தமிழ் வருகிறதே, தட்டு எண்ணிக்கையைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

உண்மை, எனக்குக் குரல்வழி எழுத்தின் மேல் மரியாதை உண்டு. என் அம்மா எழுபதைத் தாண்டியவர், அதில்தான் தங்கைக்குச் செய்தி அனுப்புகிறார். ஆனால் மின்சார ரயிலில் நின்றுகொண்டு, பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது, மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? எழுதுவது என்பது பேசியதைப் பதிவு செய்வது மட்டும் இல்லை. ஒரு வரியை அடித்து, நிறுத்தி, அழித்து, வேறு மாதிரி யோசிக்கிற காரியம். அதற்குக் கை வேண்டும், அமைதி வேண்டும். பரிந்துரைகளும் அப்படித்தான். எல்லாரும் எழுதுவதை அது சீக்கிரம் தரும். நீங்கள் மட்டும் எழுதக்கூடிய சொல்லுக்கு அதனிடம் வழி இல்லை.

அதனால் எனக்குத் தோன்றுகிற திருத்தங்கள் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன சொல்முதல் விதி. தமிழ்99 அடிக்க உதவும் செயலி எழுதுகிறவர்கள் ஒரு மாலையில் சேர்த்துவிடலாம். இரண்டு, ஒரு படிக்கட்டு. இன்று இரண்டு கதவும் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழி நான் பயன்படுத்திய எந்தச் செயலியிலும் இல்லை. ஒலிபெயர்ப்பில் அடிக்கிற பெண் 'வழி'யில் 'ழ'வுக்குத் தடுமாறும்போது, அந்த எழுத்து தமிழ்99-இல் எங்கே இருக்கிறது என்று ஓரமாக ஒளிர்ந்து காட்டினால் என்ன? தொடக்க நிலையிலேயே யாரும் தங்குவதில்லை, கரை கண்டவர்களும் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலான பயனர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள் என்பது கூப்பரின் இன்னொரு கவனிப்பு. அந்த நடு ஆளுக்குத் தமிழில் இதுவரை யாரும் செய்து கொடுக்கவில்லை.

போன மாசம் பெண்ணுக்கு என் லேப்டாப்பில் தமிழ்99-ஐ, அந்தச் சொல்முதல் விதியோடு, போட்டுக் கொடுத்தேன். பாடம் எதுவும் நடத்தவில்லை. நடுவரிசை மட்டும் ஒரு அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன்: அ இ உ ஃ எ க ப ம த ந. முதல் நாள் 'அப்பா' அடித்தாள். அ, ப, ப, ஆ. புள்ளி தானாக விழுந்ததும் "அட, இதுக்கே தெரியுதே!"ன்னாள். இரண்டாவது வாரம் அட்டையைப் பார்ப்பது குறைந்திருக்கிறது. போனில் இன்னும் பழையபடிதான். லேப்டாப்பில் மட்டும், ஒரு நாளைக்கு நாலைந்து வரி, எதையோ எழுதி வைக்கிறாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

அடுத்த முறை ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். 'யளனகப' எத்தனை நாள் அடித்த பிறகு கண் பலகையை விட்டது என்று. உங்களில் யாராவது தமிழ் லோயர் முடித்தவர் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். அந்தக் கணக்கு கிடைத்தால் படிக்கட்டுக்கு எத்தனை படி வைக்கலாம் என்று ஒரு தோராயம் பிடிபடும்.